அடைப்பு நீக்கும் கழிகளுக்கு வலுவான மரை இணைப்புகள்

பாதாள சாக்கடையின் அடைப்பை நீக்கத் தரையில் நின்றபடி செலுத்தப்படும் கழி குழாய்க்குள்ளேயே முறிந்து விடுமானால், அடைப்பு ஒன்றுக்கு இரண்டாகிறது. பழைய அடைப்பு அப்படியே இருக்க, அதன் முன்னே ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள கழித்துண்டும் சிக்கிக் கிடக்கும். முறிந்ததை எடுக்க ஓர் ஆளைக் குழிக்குள் இறக்கலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் இத்தகைய வேளையில்தான் தலைதூக்குகிறது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கக்கூடும். அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட இவ்வாயு, செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆகவே, நாற்றம் இல்லை என்பதைக் கொண்டு ஆபத்து இல்லை எனக் கொள்ள முடியாது.

பாதுகாப்புச் சாதனங்களின்றி எவரையும் சாக்கடைக்குள்ளோ மலத்தொட்டிக்குள்ளோ இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு தடை செய்கிறது. இவ்வாறு உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது; 2023 அக்டோபரில் இத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. உறிஞ்சு வண்டிகளும் உயரழுத்த நீர்ப்பீச்சு வண்டிகளும் பல நகரங்களுக்கு வந்துள்ளன. எனினும் வண்டி நுழைய முடியாத சந்துகள் நம் நகரங்களில் ஏராளம். அங்கெல்லாம் தரையிலிருந்து வேலை செய்ய உதவும் கருவி இன்றும் கழியே. அது முறியாமலிருப்பது ஓர் உயிரோடு தொடர்புடைய காரியமாகும். அது பெரும்பாலும் முறியுமிடம் இணைப்பு. அந்த இணைப்பை வலுப்படுத்தும் வழிகளே இக்கட்டுரையின் பொருள்.

கருவியின் அமைப்பு

ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள பல துண்டுகளை ஒன்றோடொன்று திருகிப் பொருத்தி நீளக் கழியாக்குவர். துண்டுகள் பிரம்பு, மரம், உலோகம், பிளாஸ்டிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றால் ஆனவை. ஒவ்வொரு துண்டின் ஒரு முனையில் ஆண் மரையும் மறுமுனையில் பெண் மரையும் கொண்ட உலோகப் பூண்கள் இருக்கும். முதல் துண்டின் நுனியில் சுருள் திருகோ, ரப்பர்த் தட்டோ, தூரிகையோ மாட்டப்படும். கடைசித் துண்டில் குறுக்குக் கைப்பிடி இருக்கும். குழிக்குள் எளிதில் கழற்றக்கூடியதாகவும் குழாய்க்குள் தானாகக் கழலாததாகவும் இருக்க வேண்டும் என்பதே இணைப்பின் இலக்கணம். இவ்விரு தேவைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்பதை வடிவமைப்பவர் முதலிலேயே மனத்தில் கொள்ளவேண்டும்.

எங்கே, ஏன் முறிகிறது?

கழியின் மீது மூன்று வகை விசைகள் செயற்படுகின்றன: தள்ளி இழுக்கும் விசை, திருகுவதால் எழும் முறுக்கு, குழியிலிருந்து குழாய்க்குள் திரும்பும்போது ஏற்படும் வளைவு. இவற்றுள் முதலாவது பெரும் தொல்லை தருவதில்லை. முறுக்கும் வளைவுமே இணைப்பை முறிப்பவை.

எடுத்துக்காட்டாக, 60 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் இரு முனைகளிலும் ஒருவர் 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான விசை செலுத்துவதாகக் கொள்வோம். கழியில் எழும் முறுக்கு 120 நியூட்டன்-மீட்டர். இணைப்பின் ஆண் மரை முக்கால் அங்குல விட்வொர்த் மரை என்றால் அதன் புற விட்டம் 19.05 மி.மீ. ஆனால் சுமையைத் தாங்குவது புற விட்டமன்று. மரைப் பள்ளத்தின் விட்டமாகிய 15.8 மி.மீ. மட்டுமே. அவ்விடத்தில் எழும் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 155 நியூட்டன். சாதாரண மென்னெஃகு ஏறத்தாழ 145 நியூட்டனிலேயே முறுக்கில் நிலையாகத் திரிபுறத் தொடங்கிவிடும். கைவலு மிக்க ஒருவர் வேகத்தில் திருகினாலே மரையின் கழுத்து திரிந்துவிடும் என்பது இதனால் விளங்கும். பள்ளத்தின் கூரிய மூலையில் தகைவு குவிவதை இக்கணக்கில் நாம் சேர்க்கவேயில்லை.

விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தே வலிமை அமைகிறது என்பது மாணவர் அறிந்த பாடம். 19.05 மி.மீ. விட்டமுள்ள தண்டில் மரை வெட்டியவுடன் அதன் வலிமையில் 43 விழுக்காடு போய்விடுகிறது. பட்டறையில் தண்டின் புற விட்டத்தை மட்டும் அளந்து நிறைவு கொள்வோர் இதைக் கவனிப்பதில்லை.

வளைவின் வேலை இதைவிட நுட்பமானது. வளைந்த நிலையில் கழி சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இணைப்பின் ஒரு பக்கம் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுக்கப்படுகிறது. ரயில் வண்டியின் அச்சுக்கு நேர்வதும் இதுவே. சாதாரணச் சுமையிலேயே அச்சுகள் ஒடிவது ஏன் என்று ஜெர்மானியப் பொறியாளர் அகஸ்ட் வோலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்ததிலிருந்துதான் உலோக அயர்வு பற்றிய முறையான அறிவு வளர்ந்தது. மரையின் முதற் புரிப் பள்ளத்தில் மயிரிழை போல் தொடங்கும் வெடிப்பு, பல நாள் வேலையில் மெல்ல உள்ளே பரவி, ஒரு நாள் சிறு சுமையிலேயே இணைப்பைத் துண்டித்துவிடும். முதற் புரியில் ஏன்? ஒன்றையொன்று பற்றியுள்ள புரிகள் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை முதற் புரியே ஏற்கிறது. பத்துப் புரிகளை இருபதாக்கினாலும் முதற் புரியின் பாடு அவ்வளவாகக் குறையாது.

தவறான மூன்று மருந்துகள்

இணைப்பை நீளமாக்கலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை. ஒரு மீட்டர்த் துண்டின் இரு முனைகளிலும் 10 செ.மீ. விறைப்பான பூண் இருந்தால் வளையக்கூடிய நீளம் 80 செ.மீ. மட்டுமே. முழு வளைவையும் அந்தப் பகுதியே ஏற்க வேண்டியிருப்பதால் அதன் தகைவு 25 விழுக்காடு கூடுகிறது. பூண் முடிந்து பிரம்பு தொடங்கும் விளிம்பில் கழி ஒடியும். நோய் இடம் மாறியதே தவிரத் தீரவில்லை.

எஃகை நன்றாகக் கடினப்படுத்தலாம் என்பது அடுத்த யோசனை. சாக்கடையைப் பொறுத்தவரை இது ஆபத்தானது. ஈரத்தோடு கூடிய ஹைட்ரஜன் சல்பைடு சூழலில், இழுவிசைக்கு உட்பட்ட மிகக் கடினமான எஃகில் திடீரென வெடிப்பு தோன்றும். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலில் இத்தகைய சூழலுக்கான சாதாரண எஃகுகளுக்கு ராக்வெல் 'சி' 22 என்ற கடினத்தை மேல் வரம்பாகக் கொள்வது இதனால்தான். கார்பன் 0.40 விழுக்காடு அளவிலுள்ள எஃகை, அவ்வரம்பைத் தாண்டாமல் பதப்படுத்திப் பயன்படுத்துவதே தக்கது.

துருப்பிடிக்காத பித்தளையே சிறந்தது என்போரும் உளர். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள், மழைக்காலங்களில் குதிரை லாயங்களை அடுத்து வைக்கப்பட்டிருந்தபோது தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது. துத்தநாகம் மிகுந்த பித்தளையில், உலோகத்துள் எஞ்சிய தகைவும் அம்மோனியாவும் ஈரமும் ஒன்றுசேர்ந்தால் இது நிகழும். கழிவுநீரில் அம்மோனியா உண்டு. பூணை நசுக்கி இறுக்கும்போது தகைவும் எஞ்சிவிடுகிறது. செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டல் இவ்வகையில் பித்தளையைவிடப் பாதுகாப்பானது. துருவேறா எஃகில் ஆண், பெண் இரண்டையும் செய்தால் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கழற்ற முடியாமற் போகும் தொல்லை உண்டு. மசகு இட்டால் ஓரளவு தவிர்க்கலாம்.

வடிவத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, ஆணுக்கும் பெண்ணுக்கும் உலோகத்தைச் சரியாகப் பங்கிடுவது. பூணின் புற விட்டம் 28 மி.மீ., ஆண் மரை 19.05 மி.மீ. எனக் கொண்டு கணக்கிட்டால், பெண் பகுதி ஆண் பகுதியைப்போல் நான்கு மடங்குக்கு மேல் வலிமை உடையதாக இருக்கும். இந்த உபரி வலிமையால் பயன் ஏதும் இல்லை. அதே பூணில் 22 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. புரியிடைத் தூரமும் கொண்ட மெட்ரிக் மரையை வெட்டினால் பள்ளத்தின் விட்டம் 18.9 மி.மீ. ஆகிறது. ஆண் பகுதியின் வலிமை 70 விழுக்காடு உயர்கிறது; பெண் பகுதியில் ஐந்திலொரு பங்கு குறைந்தும் அது ஆணைப்போல் இரு மடங்கு வலிமையுடன் நிற்கிறது. முன்பு கண்ட 155 நியூட்டன் தகைவு இப்போது 90 நியூட்டன் ஆகிவிடும். பூண் தடிக்கவுமில்லை, நீளவுமில்லை. என் கருத்தில், மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் மாற்றம் இதுவே.

இரண்டாவது, வளைவை மரையின் மீது விழாமல் தடுப்பது. எண்ணெய்க் கிணறு தோண்டும் குழாய்த் தொடர் இதற்கு நல்ல பாடம். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் சுழலும் அத்தொடரிலும் ஒவ்வொரு குழாயும் மரையால்தான் இணைக்கப்படுகிறது. ஆணின் தோளும் பெண்ணின் வாயும் தட்டையான முகங்களாகக் கடையப்பட்டு, மிக இறுக்கமாக முட்டி நிற்கும். வளைவின் பெரும்பகுதியை இம்முகங்கள் ஏற்கின்றன. நம் கழியிலும் அகலமான தோள் ஒன்றைக் கடைந்து, இரு சாவிகளால் இறுக்குவதற்கு ஏற்பப் பூணில் எதிரெதிரே இரண்டு தட்டைப் பக்கங்களைச் சீவிவிட வேண்டும். வெறுங்கையால் திருகிவிட்ட இணைப்பில் தோள்கள் முட்டுவதில்லை; அப்போது வளைவு முழுவதும் முதற் புரியின் மேல்தான் விழும். ஆண் மரையின் நுனியில், மரையற்ற வழவழப்பான சிறு முளை ஒன்றை விட்டு, அது பெண்ணின் அடியிலுள்ள துளையில் நெருக்கமாக அமருமாறு செய்தால், பக்கவாட்டு ஆட்டம் மேலும் குறையும். இருட்டிலும் சேற்றிலும் மரையை நேராகப் பொருத்துவதற்கும் அம்முளை வழிகாட்டும்.

மூன்றாவது, கூர்மையைத் தவிர்ப்பது. மரை முடிந்து தோள் தொடங்குமிடத்தில் சதுர மூலை விடலாகாது. உருண்டையான காடி ஒன்றைக் கடையவேண்டும். காடியின் ஆழம் மரைப் பள்ளத்தைச் சற்றே தாண்டினால் போதும். மரையை வெட்டுவதைக் காட்டிலும் உருட்டி உருவாக்குவது மேல். உருட்டும்போது பள்ளத்தின் மேற்பரப்பு அமுக்கத் தகைவு பெறுவதால் அயர்வு வெடிப்பு எளிதில் தொடங்குவதில்லை. மணலும் கசடும் படியும் இக்கருவிக்கு முகடும் பள்ளமும் உருண்ட மரையே இயல்பாகப் பொருந்தும். ரயில் பெட்டிகளை இணைக்கும் திருகுகளில் இவ்வகை மரையைக் காணலாம். சிறு பட்டறைகளுக்கு இது கடினமென்றால் காடியை மட்டுமாவது விடாமற் செய்யலாம்.

கழலாமை பற்றி ஒரு சொல். வலமரை கொண்ட கழியை வலப்பக்கமாக மட்டுமே சுழற்றவேண்டும். சிக்கிய நுனியை விடுவிக்க இடப்பக்கம் திருப்பினால், எந்த இணைப்பு தளர்ந்துள்ளதோ அது குழாய்க்குள் கழன்றுவிடும். இதற்கெனக் குறுக்கு ஊசி அமைப்பதானால், அதற்குரிய துளையை மரைப் பகுதியில் இடாமல், உலோகம் தடித்திருக்கும் தோளுக்குப் பின்னால் இடவேண்டும். பிரம்பில் பூணைப் பிணைக்கும் தறைகளுக்கும் இத்தகைய எச்சரிக்கை தேவை. இரண்டு தறைகளை ஒரே வரிசையில் அடித்தால் பிரம்பு நாரோட்டமாகப் பிளந்துவிடும்.

முறிவதானால் எங்கே முறியவேண்டும்?

எவ்வளவு வலுவாகச் செய்தாலும் மிகையான விசைக்கு முன் ஏதோ ஓரிடம் தோற்கத்தான் செய்யும். அந்த இடத்தை வடிவமைப்பவரே தேர்ந்துகொள்வது நல்லது. சுவர் உராய்வினால் முறுக்கு நுனியை நோக்கிச் செல்லச் செல்லக் குறைகிறது. கைப்பிடியில்தான் அது மிகுதி. எனவே கைப்பிடியைக் கழியோடு இணைக்குமிடத்தில், இணைப்புகள் தாங்கக்கூடியதில் பாதி முறுக்கிலேயே அறுபடும் மெல்லிய ஊசி ஒன்றை வைக்கலாம். அறுந்தால் கைப்பிடி மட்டும் வெறுமனே சுழலும். கழி முழுமையாக இருக்கும். புது ஊசி செருகிக்கொண்டு, திருகுவதை விட்டு முன்பின் அசைத்துப் பார்க்கலாம். மின்சுற்றில் உருகு கம்பி செய்யும் வேலையை இவ்வூசி செய்கிறது. ஊசி அறுகிறதென்று ஆணியை அடித்துவிடும் பழக்கம் மட்டும் வரலாகாது.

ஒரே மரை என்ற ஒழுங்கு

எடை, அளவைகள் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு மீட்டர் முறை நாடெங்கும் பரவிய பின்னும், அங்குல மரை வெட்டும் கருவிகள் பட்டறைகளிலிருந்து மறைந்துவிடவில்லை. முக்கால் அங்குல விட்வொர்த் மரையும் 20 மி.மீ. மெட்ரிக் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முன்னதன் புரியிடைத் தூரம் 2.54 மி.மீ., பின்னதன் அளவு 2.5 மி.மீ. விட்வொர்த் ஆண், மெட்ரிக் பெண்ணுக்குள் தடையின்றித் திருகிக்கொள்ளும். ஆனால் புரிகள் ஒன்றையொன்று பற்றும் ஆழம், இருக்கவேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. புரிகளின் கோணமும் வேறு. முன்னது 55 பாகை, பின்னது 60 பாகை. இருவேறு ஆண்டுகளில் இருவேறு விற்பனையாளரிடம் வாங்கிய கழிகள் ஒரே கிடங்கில் கலந்துவிட்டால், தொழிலாளி இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

ஆகவே கொள்முதல் விவரக்குறிப்பில் கழியின் நீளத்தையும் எண்ணிக்கையையும் குறிப்பதோடு நில்லாமல், மரையின் வகை, பள்ளத்தின் குறைந்தபட்ச விட்டம், காடியின் வளைவு, எஃகின் கடின வரம்பு, தாங்கவேண்டிய முறுக்கு ஆகியவற்றையும் அதிகாரிகள் எழுதவேண்டும். வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலும் சில இணைப்புகளைப் பிடிசிராவியில் பொருத்தி, ஒரு மீட்டர் நெம்புகோலின் முனையில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால், ஏறக்குறைய 200 நியூட்டன்-மீட்டர் முறுக்கு கிடைக்கும். எடையை எடுத்து, சாவியால் தளர்த்திய பின் இணைப்பு கையால் தடையின்றிக் கழலவேண்டும்; கழலாவிடில் மரை திரிந்துவிட்டது என்று பொருள். இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, நகராட்சிப் பட்டறையே போதும். பயனிலுள்ள கழிகளையும் மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தோளை ஒட்டிய காடியைச் சுண்ணாம்புப் பொடி தூவிப் பார்க்கலாம். வெடிப்பு இருந்தால் அதனுள் தங்கிய எண்ணெய் ஊறி வந்து வெண்பொடியில் கருங்கோடாகத் தெரியும். அத்தகைய இணைப்பைப் பற்றவைத்துச் சரிசெய்ய முனையாமல், வேறெவரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதவாறு மரையை அறுத்தபின்னரே கழிவுப் பொருளாகக் கணக்கில் எழுதவேண்டும்.