24 பிரேமும் 144 ஹெர்ட்ஸும்



சினிமா விநாடிக்கு 24 பிரேமில் ஓடுகிறது, அதற்கு மேல் மனிதக் கண்ணுக்குத் தெரியாது, எனவே விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வீண் செலவு: கேமிங் மானிட்டர் பேச்சு எழும் இடமெல்லாம் இந்த வாதமும் எழுகிறது. இயற்பியல் படித்தவர்களே இதைச் சொல்வதுதான் எரிச்சலூட்டுகிறது. 24 என்ற எண் யாருடைய கண்ணையும் அளந்து வந்ததல்ல. மௌனப் படக் காலத்தில் ஓட்டும் வேகம் படத்துக்குப் படம் மாறியது. 1920களின் இறுதியில் படத்தோடு ஒலி சேர்ந்ததும் வேகம் ஒரே சீராக இருந்தாக வேண்டியதாயிற்று. ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும், பிலிம் செலவும் எகிறக் கூடாது என்ற இரண்டுக்கும் நடுவே 24 நிலைத்தது. அதை அப்படியே காட்டினால் திரை மினுங்கும் என்பதால், புரொஜக்டரின் ஷட்டர் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு அல்லது மூன்று முறை வெட்டிக் காட்டியது. தியேட்டரில் திரை ஒளிர்ந்தது விநாடிக்கு 48 அல்லது 72 தடவை. கண்ணுக்கு 24 போதும் என்றால் இந்த ஏற்பாட்டுக்கே அவசியம் இருந்திருக்காது.

மறைந்த பிம்பம் கண்ணில் சற்று நேரம் தங்குகிறது என்று பாடநூல் சொல்லும் ‘பார்வை நீட்டிப்பு’ இந்த வாதத்துக்குச் சாட்சியாக இழுக்கப்படுகிறது. அதன் மூலம் என்று பலர் சுட்டுவது, பீட்டர் மார்க் ரோஜே 1824-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரை. பிற்காலத்தில் புகழ்பெற்ற ‘தெசாரஸ்’ சொற்களஞ்சியத்தைத் தொகுத்த மருத்துவரும் அவரே. சுட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்பது சந்தேகம்தான். அதில் சினிமா பற்றி ஒரு சொல்லும் கிடையாது. செங்குத்தான கம்பிகளின் இடைவெளி வழியே உருண்டோடும் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தால், அதன் ஆரக்கால்கள் ஏன் வளைந்து தெரிகின்றன என்பதே அவருடைய கேள்வி. பொருளின் நகர்வு, அதைத் துண்டு துண்டாகக் காட்டும் தடுப்பு, பார்க்கும் கண் ஆகிய மூன்றும் சேர்ந்தே தோற்றத்தை உண்டாக்குகின்றன என்பதை அந்தச் சிறு கட்டுரை அழகாகக் காட்டுகிறது. மானிட்டர் வாங்குபவருக்கு வேண்டியதும் அந்தப் பார்வைதான்.

ஓடும் பேருந்தின் வழித்தடப் பலகையைப் படிக்கும்போது விழி பலகையோடு சேர்ந்து வழுக்கிச் செல்கிறது. அதனால் எழுத்து விழித்திரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது, படிக்க முடிகிறது. அதே பேருந்து 60 ஹெர்ட்ஸ் எல்சிடி திரையில் ஓடினால் கதை வேறு. விழி அப்போதும் தொடர்ச்சியாகவே நகர்கிறது. திரையில் உள்ள பலகையோ 16.7 மில்லி விநாடி அசையாமல் நின்று, சட்டென்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. பலகை நிற்கும் நேரத்தில் விழி முன்னே போய்விடுவதால் எழுத்து விழித்திரையில் இழுபடுகிறது. கணக்கும் எளிது. 1920 பிக்சல் அகலத் திரையில் ஒரு பொருள் விநாடிக்கு 960 பிக்சல் நகர்ந்தால், திரையைக் கடக்க இரண்டு விநாடி ஆகும். இது அசுர வேகம் அல்ல. 60 ஹெர்ட்ஸில் அதன் மங்கல் 16 பிக்சல், 120-இல் 8, 240-இல் 4. எதிராளியின் தலைக்கு மேல் மிதக்கும் பெயரில் ஓர் எழுத்தின் அகலமே பத்துப் பன்னிரண்டு பிக்சல்தான் என்றால், 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததன் மேல் பூசப்படுகிறது. 240-இல் பெயரைப் படிக்கலாம். ஆக, கண் விநாடிக்கு எத்தனை படங்களை எண்ணும் என்ற கேள்வியே தவறு. ஒரு படம் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது என்றே கேட்க வேண்டும். பழைய சிஆர்டி திரைகள் குறைந்த ஹெர்ட்ஸிலும் அசைவைக் கூர்மையாகக் காட்டியதற்குக் காரணமும் இதுவே: அவற்றின் பாஸ்பர் கணநேரம் ஒளிர்ந்து அணைந்துவிடும். இன்றைய சில மானிட்டர்கள் பின்னொளியை விட்டுவிட்டு எரியச் செய்து அதையே செய்கின்றன. ஆனால் வெளிச்சம் குறையும், சிலருக்குத் தலைவலியும் வரும்.

ஹெர்ட்ஸை நேரமாக மாற்றிப் பார்க்காமல் விலை கொடுக்கக் கூடாது. 60-லிருந்து 144-க்குப் போனால் ஒரு பிரேமின் ஆயுள் 16.7-லிருந்து 6.9 மில்லி விநாடியாகச் சுருங்குகிறது. இது எவருக்கும் தெரியும் மாற்றம். 144-லிருந்து 165-க்குப் போனால் மிச்சம் 0.9 மில்லி விநாடிகூட இல்லை. 240-லிருந்து 360-க்கு 1.4. எனவே 144, 165, 180 மூன்றையும் ஒரே வகையாகக் கருதி, மற்ற அம்சங்களைப் பார்த்துத் தேர்வதே சரி. அடுத்த படி வேண்டுமானால் எண் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும்.

அந்த எண்ணை நிரப்பக் கணினிக்குத் தெம்பு வேண்டும். வாலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற விளையாட்டுகள் நடுத்தர கிராபிக்ஸ் கார்டிலும் வேகமாக ஓடும். சைபர்பங்க் 2077 அப்படி அல்ல. 1440பி திரையில் 1080பி-யைப் போல் 1.78 மடங்கு பிக்சல், 4கே-யில் 4 மடங்கு. விநாடிக்கு 70 பிரேம் தரும் கணினிக்கு 240 ஹெர்ட்ஸ் திரை அதன் முழுப் பயனைத் தராது. 24 அங்குலத்துக்கு 1080பி, 27 அங்குலத்துக்கு 1440பி பொருத்தம். 27 அங்குலத்தில் 1080பி எழுத்துகள் சொரசொரக்கும்.

பிக்சல் நிறம் மாற ஆகும் நேரம் என்று பெட்டியில் அச்சிட்ட ‘1 எம்எஸ்’ஸை நம்பி வாங்குவது கூடாது. பெரும்பாலும் அது, அந்த மாற்றத்தை முடுக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து எடுத்த மிகச் சாதகமான அளவு. அந்த அமைப்பில் ஆடினால் நகரும் பொருளின் பின்னால் வெளிறிய நிழல் துரத்தும். எல்சிடி வகைகளில், விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும். இருண்ட நிறங்களுக்கிடையே மாற்றம் மந்தமாக இருப்பதால் இருட்டுக் காட்சிகளில் கறை இழுபடும். ஐபிஎஸ் சமநிலையானது, கறுப்புதான் சற்று சாம்பல். ஓஎல்இடி பிக்சல்கள் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் மாறிவிடுவதால் அதே 240 ஹெர்ட்ஸிலும் எல்சிடியைவிடத் துல்லியம் அதிகம். ஆனால் அசையாத மேப், ஸ்கோர் பலகை ஆகியவற்றின் தடம் நாளடைவில் திரையில் பதியக்கூடும்.

கணினி தரும் பிரேம் வேகம் ஏறி இறங்கும்போது திரையில் படம் குறுக்கே கிழிந்து தெரியும். இதற்கு மாற்று, கார்டின் வேகத்துக்கேற்பத் திரையே தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்வது. என்விடியா 2013-இல் ஜி-சிங்க் என்று இதை அறிவித்தது. ஏஎம்டியின் வழி ஃப்ரீசிங்க். 2019 முதல் என்விடியா கார்டுகளும், ஃப்ரீசிங்குக்கு அடிப்படையான அடாப்டிவ்-சிங்க் தரத்தைப் பின்பற்றும் மானிட்டர்களோடு இணங்குகின்றன. இது செயல்படும் வரம்பு, உதாரணமாக 48 முதல் 144 வரை, எவ்வளவு அகலம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கேபிள். எச்டிஎம்ஐ 2.0 வழியே 4கே 60 ஹெர்ட்ஸுக்கு வரும்; 4கே 120-ஐ முழு நிறத்தோடு பெற எச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தேவை. இணைத்த பிறகும் விண்டோஸ் பல சமயம் 60-லேயே நிற்கும். டிஸ்ப்ளே அமைப்பில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் போய் எண்ணை மாற்ற வேண்டும். மாறியதா என்பதற்குச் சோதனை மௌஸ்: சுட்டியை வேகமாக வட்டமிட்டால் 60-இல் அம்புக்குறிகள் தள்ளித் தள்ளித் தெரியும், 144-இல் நெருங்கி வரிசையாகும்.