மின்கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? கம்பெனி சர்வீஸா, வெளிக்கடையா?

டயரின் உள்விளிம்பு வழவழவென்று ஆன பிறகுதான் பலருக்கும் அலைன்மென்ட் ஞாபகம் வருகிறது. மின்காரில் அதுவரை காத்திருக்கக் கூடாது. 2020-இல் வந்த முதல் நெக்ஸான் இ.வி.யின் எடை 1,400 கிலோ. அதே உடம்புள்ள பெட்ரோல் நெக்ஸானைவிட நூறு கிலோவுக்கு மேல் அதிகம். மிதித்த கணமே மோட்டாரின் இழுவை முழுதும் சக்கரத்துக்கு வந்துவிடும். இவை இரண்டும் சேர்ந்தால் கோணத்தில் உள்ள சின்னப் பிசகுகூட டயரைச் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து அரை டிகிரி விலகி நின்றால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 மீட்டர் அது பக்கவாட்டில் உரசிக்கொண்டே உருளும். அந்த உரசலுக்கான மின்சாரத்தையும் உங்கள் பேட்டரிதான் கொடுக்கிறது.

கடைக்குப் போகும் முன், அது அலைன்மென்ட் கோளாறுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் பேலன்சிங். டயரின் இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நம் திருச்சியில், ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும், நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து ஒடித்து எடுப்பதாலும் முன் டயர்களின் ஓரங்கள் தேயும். அதற்கு எந்த மெஷினிலும் மருந்து இல்லை. கொஞ்சம் உருளவிட்டு ஒடிக்க வேண்டும். நம் சாலைகள் நடுவில் மேடாகவும் இடது ஓரம் சரிவாகவும் இருப்பதால், ஓரமாகப் போகும்போது வண்டி லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. ஆகவே டயர் சூடாகும் முன் சரியான அளவு காற்று பிடித்துக்கொண்டு, விடியற்காலையில் சென்னை பைபாஸில் சமமான இடமாகப் பார்த்து, பிடியைத் தளர்த்திப் பாருங்கள். கையை எடுத்துவிடாதீர்கள். அப்போதும் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். (ஒரே திசையில் உருளும்படி அம்புக்குறி போட்ட டயரில் இது கூடாது.) இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில்தான்.

வீட்டில் நூல் கட்டி அளக்கலாம். பெரிய பிசகு இருந்தால் தெரியும். திருத்த அது போதாது.

வெளிக்கடையா கம்பெனியா என்பது உங்கள் வண்டியின் பின்பக்கத்தைப் பொறுத்தது. நெக்ஸான், டியாகோ, பஞ்ச், எம்.ஜி. இசட்.எஸ். ஆகியவற்றில் பின்னால் இருப்பது ட்விஸ்ட் பீம், அதாவது இரு பின் சக்கரங்களையும் சேர்க்கும் ஒரே உத்திரம். அங்கே திருகித் திருத்த எதுவும் இல்லை. முன் சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மட்டும்தான் திருத்தக்கூடியது. கேம்பரும் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) மெஷின் திரையில் சிவப்பில் காட்டினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். இந்த வண்டிகளுக்கு நாலு சக்கரத்தையும் கேமராவால் அளக்கும் 3டி மெஷின் உள்ள நல்ல வெளிக்கடையே போதும். முன் சக்கரங்களை மட்டும் அளக்கும் பழைய மெஷின் வேண்டாம். பின்பக்கம் கோணலாக இருந்தால் அதற்குத் தெரியாது, ஸ்டியரிங் நேராக நிற்காது.

மெஷினைவிட ஆள் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். டை ராடு எண்ட், லோயர் ஆர்ம் புஷ் இரண்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்காமல் டோவைத் திருகுவது வீண். "அண்ணே, முதல்ல கீழ ஒரு தடவை ஆட்டிப் பாத்துடுங்க" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். அளக்கும்போது வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்ட வேண்டும். மின்காரை நியூட்ரலில் வைத்து, ஆட்டோ ஹோல்டை அணைத்து உருட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில்தான் கொடுக்க வேண்டும். அடியில் விரிந்து கிடக்கும் பேட்டரிப் பெட்டிமேல் படவே கூடாது. இதை நேரில் நின்று பாருங்கள்.

கம்பெனிக்கே போக வேண்டிய வண்டிகளும் உண்டு. மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ, பி.ஒய்.டி. அட்டோ 3 ஆகியவற்றில் பின்னாலும் தனித்தனி இணைப்புகள். அங்கே முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று திருத்த வேண்டும். முன் கண்ணாடியில் கேமரா வைத்த அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு) வண்டி என்றால் ஸ்டியரிங் சென்சாரையும், தேவைப்பட்டால் கேமராவையும் மறுபடி பழக்க வேண்டியிருக்கும். அதற்கான கருவி பெரும்பாலும் வெளிக்கடையில் இராது. பள்ளத்தில் பலமாக இறங்கிய வண்டியும் கம்பெனிக்குத்தான் போக வேண்டும், வாரண்டி பேச்சு வருமே. காவிரிப் பாலத்தின் இணைப்புகளை 2022 செப்டம்பரில் பாலத்தை மூடிச் சரிசெய்து, 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஆனால் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய தெருக்களில் ரிம் அடிபடும் ஆபத்து இன்னும் இருக்கிறது.

எங்கே போனாலும் திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைப் பிரிண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை, 10,000 கிலோமீட்டர் கழித்து, எந்தச் சக்கரம் எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லப்போவது அந்தத் தாள்தான். அதைத் தர மறுக்கும் கடைக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.