கை அச்சுச் சிற்பம் செய்வோம், கையைச் சுட்டுக்கொள்ளாமல்!



பிறந்த குழந்தையின் பிஞ்சுக் கையை அப்படியே சிற்பமாக்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் தொழில் இப்போது நகரங்களில் நடக்கிறது. திருமணத் தம்பதிகள் கைகோத்தபடி செய்துகொள்வதும் உண்டு. நம் குழுப் பெண்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

பயிற்சியில் நான் இதைச் சொன்னதும் ஒரு அக்கா கேட்டார்: "ஏம்மா, கையை நேரா மாவுக்குள்ளயே விட்டு எடுத்தா ஆகாதா? அச்சுப் பவுடருக்கு வேற எதுக்குத் தனியா காசு?"

நல்ல கேள்வி. ஆனால் அப்படிச் செய்யவே கூடாது. ஏன்?

மாவு ஏன் சுடுகிறது?

கொலு பொம்மைக்கும், எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டுக்கும் பயன்படுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சம் என்ற கல்லைச் சூடாக்கி, அதிலுள்ள நீரை வெளியேற்றி அரைத்த மாவு இது. தண்ணீர் ஊற்றினால் மறுபடி கல்லாகும். அப்போது சூட்டை வெளிவிடும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இது அவ்வளவு கொதிக்காது. ஆனால் வாளி நிறைய மாவு இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். மாவுக்கட்டு மெல்லிய துணிச் சுற்றுகள் என்பதால் சூடு வெளியே போய்விடுகிறது.

2007-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பள்ளியில், ஓவிய வகுப்பின்போது 16 வயது மாணவி சிற்பம் செய்வதற்காக மாவு வாளிக்குள் இரண்டு கைகளையும் விட்டாள். மாவு இறுகிவிட்டது, கையை எடுக்க முடியவில்லை. சூடு சுமார் 60 டிகிரிக்கு ஏறியது. பல அறுவைச் சிகிச்சைகள் செய்தும் பெரும்பாலான விரல்கள் போய்விட்டன. ஆகவே, மாவை அச்சுக்குள் மட்டுமே ஊற்ற வேண்டும். கை மாவுக்குள் போகக் கூடாது.

செய்முறை

1. அச்சுக்கு ஆல்ஜினேட் பவுடர் வேண்டும். பல் டாக்டர்கள் தாடை அச்சு எடுப்பது இதில்தான். இது சூடாகாது. கடல்பாசியிலிருந்து கிடைக்கும் பொருள். ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் சேகரிக்கும் பாசிகளில் இதற்கான வகையும் உண்டு.

2. மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கை சுற்றிலும் படாத அளவு பிளாஸ்டிக் டப்பா எடுங்கள்.

3. பாக்கெட்டில் சொன்ன அளவு குளிர்ந்த தண்ணீரில் பவுடரைக் கட்டியில்லாமல் வேகமாகக் கலக்கி, உடனே கையை விடுங்கள். அசைக்காதீர்கள். சில நிமிடங்களில் கொழுக்கட்டை மாவு போல் இறுகும்.

4. விரல்களை மெதுவாக அசைத்துக் கையை உருவுங்கள். அச்சு காய்ந்தால் சுருங்கிவிடும், தாமதிக்க வேண்டாம்.

5. ஒரு பங்கு தண்ணீரில் சுமார் இரண்டு பங்கு பிளாஸ்டர் மாவைத் தூவி, குச்சியால் கலக்குங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் ஊற்றி, டப்பாவைச் சாய்த்து, தட்டுங்கள். அப்போதுதான் விரல் நுனி வரை மாவு போகும். காற்றுக் குமிழி நிற்காது. பிறகு நிரப்புங்கள்.

6. சூடு வந்து ஆறும் வரை விடுங்கள். பிறகு அச்சைக் கையாலேயே பிய்த்தெடுங்கள். கத்தி வைத்தால் விரல் ஒடியும். சில நாட்கள் நன்றாகக் காய்ந்தபின் பெயிண்ட் அடிக்கலாம்.

மிச்ச மாவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். உள்ளே கல்லாகி அடைத்துக்கொள்ளும். காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

தவறிக் கை மாட்டிக்கொண்டால்

"கொஞ்சம் பொறு, காயட்டும்" என்று சொல்லாதீர்கள். உடனே மாவை உடைத்துக் கையை எடுத்து, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இங்க், பேஸ்ட் எதுவும் தடவ வேண்டாம்.

அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னதும் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாத்து நடுற கைம்மா இது. பவுடருக்குக் காசு போனாப் போகுது" என்றார். அன்று முதல் சிற்பம் அவர் கைதான். நகத்தின் வெடிப்புகூட அதில் விழுந்திருந்தது!

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• பவுடர், மாவு, பெயிண்ட், பெட்டி, நம் கூலி எல்லாம் சேர்த்து ஒரு சிற்பத்துக்கு என்ன செலவு? கடன் எடுக்கும் முன் கணக்குப் போட்டீர்களா?

• குழந்தையின் கையைத் தொடும் முன் தாயிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

• நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த எச்சரிக்கையை யார் போய்ச் சொல்வது?