எது 1 ஆக வேண்டும்?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வந்த கணக்கு இது: ‘மோட்டார் 3/4 மணி நேரம் ஓடினால் தொட்டியில் 2/5 பங்கு நிரம்பும். 1 மணி நேரத்தில் எவ்வளவு நிரம்பும்?’ ஒரு பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிகிறது. எதை என்பதில்தான் தடுமாறுகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: தலைகீழாக்குவதைச் சில நாள் மறந்துவிடச் சொல்லுங்கள். விதியை முதலில் மனப்பாடம் செய்துவிட்டுக் கணக்குக்கு வந்தால் இந்தத் தடுமாற்றம் எந்தப் பிள்ளைக்கும் வரும்.

‘எது 1 ஆக வேண்டும்?’ என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். இங்கே நேரம். முக்கால் மணி என்றால் மூன்று கால் மணி. அதற்குள் 2/5 தொட்டி நிரம்பினால், ஒரு கால் மணியில் நிரம்புவது அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2/15. ஒரு மணிக்கு நான்கு கால் மணி. ஆகவே விடை 8/15 தொட்டி. 3ஆல் வகுத்தோம், 4ஆல் பெருக்கினோம். 4/3ஆல் பெருக்குவதும் இதேதான். விதி எங்கிருந்து வந்தது என்று அவளே கண்டுகொள்வாள்.

அடுத்து, கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: முழுத் தொட்டியும் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? இப்போது 1 ஆக வேண்டியது தொட்டி. 2/5 பங்குக்கு 3/4 மணி என்றால் 1/5 பங்குக்கு 3/8 மணி, ஐந்து பங்குக்கும் 15/8 மணி. அதாவது 1 மணி 52½ நிமிடம். ஒரு மணியில் பாதிக்குச் சற்று மேலே நிரம்புகிற தொட்டி, இரண்டு மணிக்குச் சற்று முன்னால் நிறைந்துவிட வேண்டும் அல்லவா? விடை வந்ததும் இப்படி ஒருமுறை ஒத்துப்பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவே வேண்டாம். தலைகீழாக்க வேண்டிய பின்னத்தை மாற்றிப் போட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

பழகிப் பார்க்க ஒரு பழைய கணக்கு. பாஸ்கரர் 1150இல் எழுதிய ‘லீலாவதி’யில் உள்ளது: 3/7 நிஷ்கத்துக்கு 2½ பலம் குங்குமப்பூ கிடைத்தால், 9 நிஷ்கத்துக்கு எவ்வளவு? (நிஷ்கம் காசு, பலம் எடை.) பாஸ்கரரின் முறையில் முதலில் பெருக்கல், பிறகு வகுத்தல். உங்கள் மகள் 1/7 நிஷ்கத்துக்கு எவ்வளவு என்பதிலிருந்து தொடங்கட்டும். பிறகு 1 நிஷ்கம், அதன்பின் 9. விடை 52½ பலம்.