தீவுகளுக்கிடையே பாய்ப்படகில் ஒரு நாள்

புவியியல் – காற்று, கரையோரம், கடற்பயணம்

அறிமுகம்

காற்றுத் தொகுதி, திசை, தூரம் ஆகியவற்றை மாணவர்கள் தனித்தனியே மனனம் செய்வதுண்டு. கடலில் பாய்ப்படகு செலுத்துபவருக்கு இவை அனைத்தும் ஒரே நேரத்தில் தேவைப்படும். பிரித்தானிய வேர்ஜின் தீவுகளில் நோர்மன் தீவிலிருந்து வேர்ஜின் கோர்டா வரையிலான ஒரு நாட் பயணத்தை உதாரணமாகக் கொண்டு இதனை விளங்கிக் கொள்வோம்.

1. அமைவிடம்

இத்தீவுகள் கரீபியன் கடலின் வடகிழக்கு எல்லையில், ஏறத்தாழ வட அகலக்கோடு 18° இல் அமைந்துள்ளன. தலைநகர் றோட் டவுண், டோர்ட்டோலாத் தீவில் உள்ளது. பெரும்பாலான தீவுகள் எரிமலைச் செயற்பாட்டுடன் தொடர்புடைய மலைப்பாங்கானவை. அனெகாடா மாத்திரம் முருகைக்கல் சுண்ணாம்பினாலான தட்டையான தீவாகும்.

டோர்ட்டோலாவுக்குத் தெற்கே நோர்மன், பீற்றர், சோல்ட், கூப்பர், ஜிஞ்சர் ஆகிய தீவுகள் வரிசையாக உள்ளன. இடைப்பட்ட நீர்ப்பரப்பே சேர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய் எனப்படும். தெற்கு வரிசைத் தீவுகள் பெருங்கடல் அலைகளைத் தடுப்பதனால் கால்வாய் ஓரளவு அமைதியாக இருக்கும்.

2. காற்று

உபஅயன உயரமுக்க வலயத்திலிருந்து மத்தியகோட்டுத் தாழமுக்க வலயத்தை நோக்கி வீசும் காற்று, கொரியோலிசு விசையால் வட அரைக்கோளத்தில் வலப்புறம் திரும்புகின்றது. இதுவே வடகீழ் வியாபாரக்காற்று. நமது வாடையும் சோளகமும் பருவத்துக்குப் பருவம் திசை மாறுவன. வியாபாரக்காற்றோ ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்குப் பக்கத்திலிருந்தே வீசும்.

கவனிக்க: வடகீழ்க் காற்று என்பது வடகிழக்கிலிருந்து வீசும் காற்றாகும், வடகிழக்கை நோக்கி வீசுவதல்ல. பரீட்சையில் பலர் விடும் பிழை இது.

3. பயணத்தைத் திட்டமிடல்

பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிராகச் செல்ல முடியாது. காற்றுத் திசைக்கு ஏறத்தாழ 45° சரிவாக ஒரு பக்கமும், பின்னர் பாயை மாற்றி மறுபக்கமும் வளைந்து வளைந்தே முன்னேறும். படகின் அடியிலுள்ள பாரமான கீல் பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுக்கும். இவ்வாறு செல்லும்போது தூரம் ஏறத்தாழ 1.4 மடங்காகும்.

உதாரணம்:
நேர்த்தூரம் = 12 கடல் மைல் (ஏறத்தாழ 22 கி.மீ.)
காற்று = வடகிழக்கு; செல்லும் திசையும் வடகிழக்கு
ஓட வேண்டிய தூரம் = 12 × 1.4 = ஏறத்தாழ 17 கடல் மைல்
வேகம் = 5 நொட் (மணிக்கு 5 கடல் மைல்)
நேரம் = 17 ÷ 5 = 3.4 மணி = 3 மணி 24 நிமிடம்

மு.ப. 8.30 இற்குப் புறப்பட்டால் மு.ப. 11.54 இற்குச் சேரலாம். அப்போது சூரியன் உயரத்தில் இருப்பதால் நீரின் நிறத்தைக் கொண்டு ஆழத்தை அறிய முடியும்.

• கருநீலம் – ஆழமான நீர்
• இளம் பச்சைநீலம் – ஆழம் குறைந்த மணற்றரை
• கபிலம் – முருகைக்கற்பாறை, அணுகக் கூடாது

4. நங்கூரமிடல்

காற்று கிழக்குப் பக்கத்திலிருந்து வீசுவதால் தீவின் மேற்குக் கரையே காற்றொதுக்குப் பக்கமாகும். நீரின் ஆழம் 5 மீற்றர், முன்னணியத்தின் உயரம் 1 மீற்றர் எனின் கூட்டுத்தொகை 6 மீற்றர். இதன் ஐந்து மடங்கான 30 மீற்றர் சங்கிலியை விட வேண்டும். சங்கிலி குறுகினால் இழுவை மேல்நோக்கி அமைந்து நங்கூரம் கிளம்பிவிடும்.

5. றோன் கப்பல் தரும் பாடம்

1867 ஒக்டோபர் 29 அன்று சூறாவளியின்போது றோன் என்னும் பிரித்தானியத் தபாற்கப்பல் பீற்றர் தீவருகே ஒதுங்கி நின்றது. சூறாவளியின் கண் கடந்தபோது காற்று ஓய்ந்தது. அந்த இடைவெளியில் திறந்த கடலுக்குச் செல்லக் கப்பல் புறப்பட்டது. ஆனால் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசிய காற்று அதனைச் சோல்ட் தீவின் பாறைகளில் மோதச் செய்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காற்றுத் திசை மாறினால் காற்றொதுக்குப் பக்கமும் மாறும் என்பதை இது உணர்த்துகின்றது. 2017 செப்டெம்பர் 6 அன்று இர்மா சூறாவளியும் இத்தீவுகளைக் கடுமையாகத் தாக்கியது.

மாதிரி வினாக்கள்

1. மேற்படி பயணத்தை டிசம்பர் மாதத்தில் பி.ப. 2.00 இற்கு 4 நொட் வேகத்தில் தொடங்குவது உகந்ததா?
விடை: 17 ÷ 4 = 4.25 மணி. சேரும் நேரம் பி.ப. 6.15. அங்கு அம்மாதத்தில் பி.ப. 6.00 இற்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். பாறைகள் தெரியாது. எனவே உகந்ததல்ல. இடையிலுள்ள தீவொன்றில் ஒதுங்குவதே பாதுகாப்பானது.

2. சூறாவளியின் கண் கடக்கும்போது புகலிடத்தை விட்டு வெளியேறக் கூடாது. ஏன்?
விடை: அமைதி தற்காலிகமானது. அதன் பின்னர் எதிர்த்திசையிலிருந்து பலத்த காற்று வீசும்.

3. திரும்பும் பயணம் குறைந்த நேரத்தில் முடிவது ஏன்? (நீங்களே விடை எழுதுக.)