கம்பியில் போகும் குரல்

(மூன்றாம் ஆண்டு மாணவர், எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவு)



ஒலி என்பது காற்றில் உண்டாகும் அதிர்வு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். மைக் அந்த அதிர்வை மின்னழுத்தமாக மாற்றுவதை லேபில் சி.ஆர்.ஓ. திரையிலும் பார்த்துவிட்டோம். அதற்கப்புறம் என்ன ஆகிறது? ஒரு அறையில் பேசுவது இன்னொரு அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எப்படிக் கேட்கிறது, அதை எப்படிப் பதிவு செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. நமக்கு இது துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. பி.சி.எம். ஒரு பாடத்தில், நெட்வொர்க் இன்னொரு பாடத்தில், மைக்கும் ஸ்பீக்கரும் வேறொன்றில். மூன்றையும் ஒட்டிப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை.

ஆசைக்குக் காரணமும் உண்டு. பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவன் நான். அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான், பாடத்தில் சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. வகுப்பில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் பிடிபடுவதற்குள் அடுத்த இரண்டு வாக்கியம் போய்விடும். இன்னொரு தடவை கேட்டால் கண்டிப்பாகப் புரியும், ஆனால் எத்தனை தடவைதான் எழுந்து நின்று "சார், மறுபடியும்" என்று கேட்பது? பஸ்ஸைப் பிடிக்கக் கடைசி பீரியடில் பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிப் போகிற தோழிகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். ஆகவே நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, லேபில் நடக்கும் வகுப்பை ரீடிங் ரூமில் கேட்க வைக்க முடியுமா என்று இறங்கினோம்.

முதலில் குரலை எண்ணாக்க வேண்டும். மாதிரி எடுப்பது, அதாவது சாம்ப்ளிங். ஒரு அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால் அந்த அலையைத் திரும்ப உருவாக்கிவிடலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோரின் பெயரால் நாம் படிக்கும் விதி. டெலிபோன் குரல் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. இரண்டு மடங்கு 6800. கொஞ்சம் இடம் விட்டு 8000 என்று வைத்தார்கள். ஒரு மாதிரிக்கு 8 பிட், ஆக செகண்டுக்கு 64,000 பிட். 1972-ல் வந்த ஜி.711 என்ற தரம் இதுதான். சி.டி.யில் 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு சேனல். பெருக்கினால் செகண்டுக்கு 14,11,200 பிட். லேபில் இருக்கும் 100 மெகாபிட் கேபிளுக்கு இதெல்லாம் ஒரு சுமையே இல்லை.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. அமெரிக்காவில் அர்ப்பாநெட் இருந்த காலத்தில் கணினிகளை இணைத்த முதன்மைக் கம்பிகளின் வேகமே செகண்டுக்கு 50,000 பிட்தான். 64,000 பிட் குரலை 50,000 பிட் கம்பியில் எப்படி அனுப்புவது? கலிபோர்னியாவில் டேனி கோஹன் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் நெட்வொர்க் வாய்ஸ் புரோட்டோகால் என்ற ஒன்றை எழுதி, 1973 டிசம்பரிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அலையை அப்படியே அனுப்பாமல், தொண்டையும் வாயும் அந்த ஒலியை எப்படி உண்டாக்குகின்றன என்பதற்கான சில எண்களை மட்டும் அனுப்பும் எல்.பி.சி. முறையையும் பயன்படுத்தினார்கள். நம் செல்போன் குரல் வரைக்கும் அந்த யோசனை வந்து சேர்ந்திருக்கிறது.

அவர்கள் கண்டுகொண்ட இன்னொரு விஷயம் அதைவிடப் பெரியது. ஃபைல் அனுப்பும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஒரு எழுத்து குறைந்தாலும் புரோகிராம் ஓடாது. குரலில் அப்படி இல்லை. தொலைந்த பாக்கெட் திரும்பி வருவதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும். லேட்டாக வந்த பாக்கெட்டும் தொலைந்த பாக்கெட்டும் குரலுக்கு ஒன்றுதான். அதனால்தான் கோஹன் போன்றவர்கள், எல்லாவற்றையும் டி.சி.பி.யின் தலையில் கட்டாதீர்கள், ஐ.பி.யைத் தனியாகப் பிரியுங்கள் என்று வாதாடினார்கள். 1978-ல் அவை பிரிந்தன. 1980-ல் யு.டி.பி. வந்தது. வைவாவில் "யு.டி.பி. எதற்கு?" என்று கேட்டால் "அது அன்ரிலையபிள் சார்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அது ஒரு குறை மாதிரி ஒலிக்கிறது. குரலுக்கு வேண்டியதே அதுதான்.

இப்போது ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். வழக்கமாக 20 மில்லி செகண்டு குரலை ஒரு பாக்கெட்டில் போடுவார்கள். ஜி.711-ல் அது 160 பைட். அதன் தலையில் ஆர்.டி.பி. 12 பைட், யு.டி.பி. 8, ஐ.பி. 20, மொத்தம் 40. ஆக 200 பைட் பாக்கெட், செகண்டுக்கு 50. கணக்குப் போட்டால் 64,000 பிட் குரலுக்குக் கம்பியில் 80,000 பிட் ஓடுகிறது. ஈதர்நெட்டின் சொந்தச் செலவு தனி. நூறு ரூபாய் மணியார்டரை இருபத்தஞ்சு ரூபாய் கமிஷன் கொடுத்து அனுப்புவது போல. ஆனால் அந்த 12 பைட் ஆர்.டி.பி. இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. எத்தனையாவது பாக்கெட் என்ற வரிசை எண்ணும், எந்த நேரத்துக் குரல் என்ற நேரக்குறியும் அதில்தான் இருக்கின்றன.

பாக்கெட்டுகள் 20 மில்லி செகண்டு இடைவெளியில் கிளம்பினாலும் அதே இடைவெளியில் வந்து சேருவதில்லை. ஒன்று 5-ல் வரும், ஒன்று 40-ல் வரும். இதுதான் ஜிட்டர். எங்க ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். தண்ணீர் விட்டு விட்டு ஏறினாலும் குழாயில் ஒரே சீராக வரும், தொட்டி காலியாகாத வரைக்கும். கேட்கும் பக்கத்து கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு தொட்டி உண்டு. பெரிய தொட்டியாக வைத்தால் குரல் அறுபடாது, ஆனால் அவ்வளவு நேரம் தாமதமாகும். சின்னதாக வைத்தால் தாமதம் குறையும், குரல் திக்கும். இரண்டையும் ஒன்றாக வாங்க முடியாது.

எவ்வளவு தாமதம் தாங்கும்? இருவர் பேசிக்கொள்வதற்கு ஒரு வழிக்கு 150 மில்லி செகண்டு வரை பிரச்சினை இல்லை என்கிறது ஐ.டி.யு. காற்றில் அது சுமார் 51 மீட்டர் தூரம். கட்டடத்தின் அந்தக் கோடியில் நிற்கும் சித்தாளை அப்பா இந்தக் கோடியிலிருந்து கூப்பிடுகிற தூரம், அதில் பேச்சு நடக்கத்தான் செய்கிறது. அதற்கு மேல் போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவோம். ஆனால் எங்களுடையது பேச்சு இல்லை, பாடம். கேட்பவர் பதில் சொல்லப் போவதில்லை. அதனால் இரண்டு செகண்டு தொட்டி வைத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பது இங்கேதான் எனக்கு உறைத்தது.

லேப் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் இருந்ததால் பல்ஸ் ஆடியோ என்ற இலவச மென்பொருளைப் பிடித்தோம். அது 4713 என்ற போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கும், ஒரு கம்ப்யூட்டரின் ஒலியை இன்னொன்றின் ஸ்பீக்கரில் கொட்டிவிடும். ஆர்.டி.பி. வழியாக ஒரே குரலைப் பல கம்ப்யூட்டர்களுக்கு மல்டிகாஸ்ட் செய்யும் வசதியும் அதில் இருக்கிறது. கேபிளில் குரல் சுத்தமாகக் கேட்டது. வைஃபையில் அதே மல்டிகாஸ்ட் சல்லடையாகப் போயிற்று. மல்டிகாஸ்ட் பாக்கெட்டுக்கு வைஃபையில் "வந்து சேர்ந்தது" என்ற பதில் கிடையாது, தொலைந்ததைத் திரும்ப அனுப்புவதும் இல்லை என்று படித்துத் தெரிந்துகொண்டோம். கேபிளை இழுத்தோம், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். இரண்டு கம்ப்யூட்டரிலும் 48,000 மாதிரி என்றுதான் போட்டிருக்கும். ஆனால் இரண்டு சவுண்டு கார்டிலும் வேறு வேறு குவார்ட்ஸ் கிரிஸ்டல். பத்து லட்சத்தில் 50 வித்தியாசம் என்பது சாதாரணம். அப்படியானால் செகண்டுக்கு 2.4 மாதிரி வித்தியாசம். கேட்கும் பக்கம் வேகமாக இருந்தால் அது தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வரும். தொட்டியில் 100 மில்லி செகண்டுதான் இருக்கிறது என்றால் 2000 செகண்டில், அதாவது சுமார் 33 நிமிஷத்தில் காலி. நெட்வொர்க்கில் ஒரு பழுதும் இல்லாமல், ஒரு பாக்கெட்டும் தொலையாமல், பாடத்தின் நடுவில் "டக்" என்று ஒரு ஓட்டை விழும்! இதற்கு, தொட்டியின் மட்டத்தைப் பார்த்துப் பார்த்து, ஒலிக்கும் வேகத்தைக் காதுக்குத் தெரியாத அளவு கூட்டிக் குறைக்கிறார்கள். கடிகாரம் சரியாக இருக்கிறது என்று எதையும் நம்பக் கூடாது போலிருக்கிறது.

பதிவு விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிவை ரீடிங் ரூமில் செய்யாதீர்கள், மைக் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே செய்யுங்கள். வழியில் தொலைந்த பாக்கெட்டை ஒரு நொடியில் காது மன்னித்துவிடும். பதிவில் அது நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். சார் "நாட்" என்று சொன்ன அந்த ஒரு சொல்லே தொலைந்திருந்தால் பரீட்சையில் நாம் தலைகீழாக எழுதுவோம். அனுப்புவது ஒரு வேலை, பதிவு இன்னொரு வேலை.

மைக்கை சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைக்க வேண்டாம், பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தால் போதும். மீட்டர் உச்சியைத் தொடாமல் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஆடட்டும். உச்சியில் வெட்டுப்பட்ட அலையை எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது. பாடத்துக்கு ஸ்டீரியோ வேண்டாம், ஒரு சேனல் போதும். 50 நிமிஷ பீரியடை சி.டி. தரத்தில் வைத்தால் சுமார் 529 மெகாபைட். ஜி.711-ல் 24. 2012-ல் தரமான ஓபஸ் முறையில் செகண்டுக்கு 16,000 பிட் என்று வைத்தால் 6 மெகாபைட்தான், அதுவும் பேச்சு ஜி.711-ஐவிடத் தெளிவாக இருக்கிறது. ஓபஸுக்குக் காசும் கிடையாது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. நாங்கள் ஒவ்வொரு சாரிடமும் மேடத்திடமும் முதலில் போய்க் கேட்டோம். ஒருவர் வேண்டாம் என்றார். வகுப்பில் நான் சொல்கிற ஜோக் எல்லாம் ஊருக்குப் போகும்டா என்றார். அது அவர் குரல், அவர் சொன்னதுதான் முடிவு. மற்றவர்கள் சம்மதித்தார்கள், ஒரு மேடம் மட்டும் பதிவைத் தான் கேட்டுப் பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும் என்றார்கள். அப்படியே செய்கிறோம். மாணவர்கள் கேள்வி கேட்கும் இடங்களையும் வெட்டிவிடுகிறோம். நாளைக்கு யாரும் கேலி செய்வார்களோ என்று பயந்து ஒருத்தர் சந்தேகம் கேட்காமல் உட்கார்ந்துவிட்டால் இந்த ஏற்பாடே வீண்.

இதுவரை பதிவானவை ரீடிங் ரூமில் ஜன்னல் ஓரத்து கம்ப்யூட்டரில், பாடத்தின் பெயர், தேதியோடு இருக்கின்றன. சாயங்காலம் ரூம் பூட்டும் வரை கேட்கலாம், பென் டிரைவில் எடுத்துப் போக ஹெச்.ஓ.டி. அனுமதி இல்லை. ஹெட்போன் மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.