வியர்வை காயாத குகையில் கல் எப்படி வளர்கிறது?

ஒன்பதாம் வகுப்புக்குச் சுண்ணாம்புப் பாறை நிலத்தோற்றங்களை நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் இரண்டு படங்கள் வரைவேன். கூரையிலிருந்து தொங்குவது கல்விழுது. தரையிலிருந்து எழுவது கல்முளை. "சுண்ணாம்பு கரைந்த நீர் சொட்டுகிறது. நீர் ஆவியாகிறது. சுண்ணாம்பு தங்கிவிடுகிறது." இவ்வளவுதான் என் விளக்கம். மாணவர்கள் அப்படியே எழுதினார்கள், நானும் முழு மதிப்பெண் போட்டேன். பதினோரு ஆண்டுகள் இப்படியே போயிற்று. நடுவில் உள்ள வரி தவறு என்பது பேலம் குகையில் ஒரு மாணவி கேட்ட கேள்வியால்தான் எனக்கு உறைத்தது.

பேலம் குகை ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லாவுக்கு அருகில் இருக்கிறது. அரக்கோணத்தில் ரயில் ஏறித் தாடிபத்ரியில் இறங்கினோம், அங்கிருந்து வேன். குகை என்றால் மலை இருக்கும் என்று எண்ணி வந்த பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றம். சமவெளியில் கிணறு போல ஒரு பெரிய பள்ளம். அதற்குள் படியிறங்கினால் குகை தொடங்குகிறது. அளந்து வரைபடமாக்கிய நீளம் 3,229 மீட்டர். பார்வையாளர்கள் நடக்கக்கூடியது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர்.

வரலாறு நடத்துவோருக்கு ஒரு செய்தி. இந்தக் குகையை 1884இல் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான். இதைச் சொன்னதும் அதுவரை செல்பி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

உள்ளே ஓரிடத்தில் கூரையிலிருந்து பாறை ஆலம் விழுதுகளைப் போலவே கொத்தாக இறங்கியிருக்கிறது. தெலுங்கில் அந்த இடத்துக்கு 'ஊடலமர்ரி' என்று பெயர், விழுதுவிட்ட ஆலமரம் என்று பொருள். கல்விழுது என்ற சொல்லுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அங்கே எல்லோரும் துப்பட்டாவாலும் கைக்குட்டையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். குகைக்குள் வெக்கை. காற்றை உள்ளே செலுத்த ஏற்பாடு இருந்தும் புழுக்கம் குறையவில்லை. அப்போதுதான் அந்த மாணவி கேட்டாள்: "டீச்சர், இங்க நம்ம வியர்வையே காயமாட்டேங்குது. அப்புறம் அந்தத் தண்ணி எப்படி ஆவியாகிக் கல்லாகும்?"

உடனே சொல்ல எனக்கு விடை இல்லை. "நல்ல கேள்வி, பள்ளிக்குப் போய்ப் பார்ப்போம்" என்று சமாளித்தேன். நாம் எல்லோரும் சொல்வதுதான்.

விடை வேதியியல் ஆசிரியரிடம் இருந்தது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்து வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடை நிறைய ஏற்றுக்கொள்கிறது. அதனால் இலேசான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைத்துக்கொண்டு கீழே வருகிறது. மண்ணில் இருந்த அளவுக்குக் குகைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு இல்லை. ஆகவே கூரையில் துளி தொங்கும்போது அந்த வாயு துளியிலிருந்து வெளியேறுகிறது. வாயு போனபின் அவ்வளவு சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்க நீரால் முடிவதில்லை. கால்சியம் கார்பனேட் படிகிறது. வெளியேறுவது நீரன்று, வாயு. காற்று வீசும் குகை வாயில்களில் ஆவியாதலுக்கும் ஓரளவு பங்கு உண்டு. ஆழத்தில் முக்கிய வேலை வாயுவினுடையது.

இதை வகுப்பில் காட்டுவது எளிது. தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து, உறிஞ்சுகுழலால் ஊதினால் பால்போல் ஆகும். இதுவரை எல்லாப் பள்ளியிலும் செய்கிறோம், அத்தோடு நிறுத்திவிடுகிறோம். நிறுத்தாமல் அதில் சோடா ஊற்றுங்கள் (கடையில் விற்கும் இனிப்பில்லாத சோடாதான்). கலங்கல் தெளிந்துவிடும். பாறை கரைந்துவிட்டது! தெளிந்ததைச் சூடாக்கினால் வாயு குமிழிட்டு வெளியேற, மறுபடியும் கலங்கும். முகவையில் நீர் அநேகமாக அப்படியே இருக்கும். சுண்ணாம்பு நீரை ஆசிரியரே தயாரிப்பது நல்லது. மாணவர்கள் ஊதலாம், உறிஞ்சக் கூடாது என்பதை இரண்டு முறை சொல்லிவிடுங்கள்.

சலவைச் சோடாக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டுக் கல்விழுது வளர்க்கும் செயல்பாட்டை நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது ஆவியாதலைத்தான் காட்டுகிறது, பிள்ளைகள் மனத்தில் தவறான காரணத்தையே உறுதிப்படுத்துகிறது. அதைவிட, போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளைப் பொருக்கைக் கொண்டுவரச் சொல்லலாம். தண்ணீர் முழுவதும் வற்றாமலேயே அது படிகிறது.

பேலத்தில் 'சப்தஸ்வர' அறை என்று ஒன்று உண்டு. அங்குள்ள பாறைத் தொங்கல்களைத் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். எங்கள் பையன் ஒருவன் கை ஓங்கினான். நான் அதட்டவில்லை, ஒரு கணக்குக் கொடுத்தேன். பொதுவாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் என்ற அளவில்தான் கல்விழுது வளர்கிறது. அப்படியென்றால் 30 சென்டிமீட்டர் வளர எத்தனை ஆண்டு? விரல்விட்டு எண்ணி, "மூவாயிரமா டீச்சர்?" என்றான். கையை இறக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஊர் திரும்பிய வாரமே ஒன்பதாம் வகுப்புக்குச் சோடாவும் சுண்ணாம்பு நீருமாகப் போனேன். ஆனால் பழைய விடையை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அறிவியல் பாடவேளையில் பதினைந்து நிமிடம் கடன் கேட்டேன். "போன வருஷம் நான் சொன்னதில் ஒரு வரி தப்பு" என்று தொடங்கியபோது வகுப்பு ஒரு நொடி அமைதியானது. பிறகு கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ மார்க்கைத் திரும்ப எடுத்துக்குவீங்களா டீச்சர்?" சிரிப்பு அடங்கியதும் முகவையைச் சூடாக்க அந்தப் பையனையே அழைத்தேன்.